மிகவும் உயிருடன் இருந்தார்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு மனிதரிடமிருந்து வரவில்லை. ஒரு பெயரடையிலிருந்து வந்தது. அதுவும் ஸ்பானிஷ் பெயரடை: விவோ. ஆமாம், நம் கடைத்தெருவில் செல்போன் கடைகளின் நெற்றியில் நீலப் பலகையாகத் தொங்குகிறதே, எழுத்துக்கு எழுத்து அதேதான். போனுக்கு ஏன் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். போன் வருவதற்குப் பல நூறு வருஷம் முன்பிருந்தே ஸ்பானிஷ்காரர்கள் அந்தச் சொல்லை நாள் முழுக்கப் புழங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

என் பெயர் செம்மொழி. சிரிக்காதீர்கள். பெயர் செம்மொழி, சோறு போடுவது ஸ்பானிஷ் என்று வலங்கைமானில் என்னைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. சென்னையில் ஒரு கால் சென்டரில் உட்கார்ந்து ஆறு வருஷம் மெக்ஸிகோக்காரர்களிடம் திட்டு வாங்கியே கற்ற மொழி அது. இப்போது வீட்டு மாடியில் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு, தண்ணீர் பம்பின் குறிப்பேடு, மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைக்கிற காகிதம் என்று எதையெதையோ மொழிபெயர்க்கிறேன். மீதி நேரத்தில் கதை எழுதுகிறேன். இரண்டிலும் சொல்லிக்கொள்ளும்படி பேர் கிடையாது.

இந்தக் கதையின் முதல் வரியை மூன்று தடவை எழுதினேன்.

"காவிரியில் தண்ணீர் வந்து, சம்பா நடவு மும்முரமாக இருந்த அந்த" (வேண்டாம். டெல்டாக்காரி என்றால் காவிரியில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?)

"கடல் என்பது" (சீ.)

"ஒரு மொழிபெயர்ப்பாளரின் வாழ்வில் அபூர்வமாக" (இதைப் படித்தால் நானே பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.)

ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2

எங்கள் தெருக் கோடியில் தர்மாம்பாள் இருக்கிறார். எனக்கு தர்மாக்கா. நாற்பத்தெட்டு வயது. நடவுக்கு ஆள் கூட்டிப்போவதுதான் வேலை. இருபது பெண்களை ஒரு மினி லாரியில் ஏற்றி, எந்த ஊர் வயலில் எத்தனை மணிக்கு இறங்க வேண்டும் என்பதையெல்லாம் போனிலேயே முடித்துவிடுவார். அவர் குரல் கேட்டால் தெரு நாய்கூட எழுந்து நின்றுவிடும். புருஷன் ரெத்தினம் இரண்டு மா நிலம் குத்தகைக்கு எடுத்துப் பார்க்கிறார். ஒரே மகன் அரவிந்தன்.

அரவிந்தன் கெட்டிக்காரன். இருபத்தாறு வயது. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு, சரக்குக் கப்பலில் என்ஜினுக்கு எண்ணெய் பார்க்கிற ஆயிலர் வேலையில் இருக்கிறான். (இந்தப் பத்தியில் "இருந்தான்" என்று எழுதியது அடிபட்டிருக்கிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.)

போன வாரம் திங்கட்கிழமை, ஸ்பெயினின் வடகரையில் அந்தக் கப்பல் புயலில் கவிழ்ந்தது. துறைமுகத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் போனில் தேடப் போய்விடுவீர்கள், கதை அந்தரத்தில் நிற்கும். பதினாலு பேரில் ஒன்பது பேரைக் காப்பாற்றினார்கள். எட்டுப் பேரின் பெயர் வந்துவிட்டது. அரவிந்தன் பெயர் அதில் இல்லை. ஒன்பதாவது ஆள் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். முகமெல்லாம் வீங்கி, கட்டுப் போட்டு, யாரென்று அடையாளம் தெரியவில்லை. கூட வேலை பார்த்தவர்களை வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கேட்டால், கப்பல் வேலைக்கு அனுப்பிய மும்பை ஏஜெண்டு, "விவரம் வந்ததும் சொல்றோம்" என்கிறான். இதுவரை தெரிந்தது இவ்வளவுதான்.

புதன்கிழமை தர்மாக்காவின் போனுக்கு ஒரு வெளிநாட்டு எண்ணிலிருந்து செய்தி வந்தது. போன் அப்போது ரெத்தினத்தின் கையில் இருந்தது. அவர் எழுத்துக் கூட்டிப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் தெரிந்த சொல்லாக இருந்தது. கையிலிருக்கிற போனின் முதுகிலும் அதே சொல்தான்.

"போன் கம்பெனிக்காரன் விளம்பரம் அனுப்பிருக்கான்" என்று சொல்லி மூடிவிட்டார்.

இரண்டு நாள் அந்தச் செய்தி அப்படியே கிடந்தது. நான் இட்டுக்கட்டவில்லை. ஸ்பானிஷ் அகராதி போட்டவர்கள் ஆயிரம் பொருள் யோசித்திருப்பார்கள், இந்தப் பொருளை மட்டும் யோசித்திருக்கமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை யாரோ விவரம் தெரிந்தவர்கள் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து, மொழிபெயர்ப்பு என்ற பொத்தானைத் தட்டினார்கள். போன் தமிழில் சொன்னது:

"இந்த நாட்களில் நான் உங்கள் மகனைப் பற்றி நிறைய நினைக்கிறேன். அவர் மிகவும் உயிருடன் இருந்தார், அந்தப் பையன்."

3

காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் என் மாடிக்கு வந்தார்கள். ரெத்தினம் படியேறும்போதே அழுதுகொண்டு வந்தார். தர்மாக்கா அழவில்லை. போனை என் மேசைமேல் வைத்தார்.

"படி" என்றார்.

"உக்காருங்கக்கா."

"உக்கார வரல. உசிரோட இருந்தாருன்னு போட்டுருக்கு. இருந்தாருன்னா? இப்ப? ஒனக்குத்தான் இந்த பாஷ தெரியுமே, இருக்கானா இல்லியான்னு ஒரே வார்த்தையில சொல்லு."

"அவ என்னத்தச் சொல்லுவா?" என்றார் ரெத்தினம். "இருந்தாருன்னு வந்துருச்சு. அப்புறம் என்ன? நான் பிளக்ஸுக்குச் சொல்லிட்டேன்."

கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் படம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். தோற்றம் என்று பிறந்த தேதியைப் போட்டாயிற்றாம். மறைவு என்ற இடத்தில் என்ன தேதி போடுவது என்று கடைக்காரர் கேட்டாராம். தெரியாது, விட்டு வை என்று சொல்லியிருக்கிறார்.

(இங்கே ஒரு வாக்குமூலம். இந்த ரெத்தினத்தை நான் முதல் வரைவில் கல்நெஞ்சக்காரனாக எழுதினேன். பெற்ற பிள்ளைக்கு ஐந்தாம் நாளே பிளக்ஸ் அடிக்கிற அப்பன்! கதைக்கு அப்படி ஒரு ஆள் சௌகரியம். ஆனால் அவர் அன்று என் நாற்காலியில் உட்கார்ந்து, "முடிஞ்சிருச்சுன்னு தெரிஞ்சா அழுதுருவேன்ம்மா, இப்புடி நடுவுல நிக்க முடியல" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். அது நினைவுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.)

போனை எடுத்துப் படித்தேன். எழுதியவர் பெயர் மருஷா. துறைமுகத்துக்கு எதிரில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ரீசார்ஜ் தீர்ந்த நாளில் அரவிந்தன் அவர் போனிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறான். அந்த எண் அவரிடம் தங்கிவிட்டது. கப்பல் செய்தி பார்த்ததும் மனசு கேட்காமல் எழுதியிருக்கிறார். கடைசி வரி: ஏரா முய் விவோ.

4

இனி கொஞ்சம் இலக்கணம். ஓடிவிடாதீர்கள். இந்தப் பகுதி இல்லாமல் கதை இல்லை.

ஸ்பானிஷில் "இரு" என்பதற்கு இரண்டு வினைச்சொற்கள். ஒன்று ஸேர். ஆளின் குணம், பிறவி, ஊர் இதற்கெல்லாம். இன்னொன்று எஸ்தார். இப்போது இருக்கிற நிலைமைக்கு. விவோ என்ற பெயரடை எஸ்தாரோடு சேர்ந்தால், எஸ்தா விவோ: உயிரோடு இருக்கிறான். ஸேரோடு சேர்ந்தால், எஸ் விவோ: சூட்டிகையானவன், விவரமானவன், எங்கே விட்டாலும் கரையேறிவிடுகிற பயல். கொஞ்சம் கேலியாகவும் சொல்வார்கள். கடைசி இட்லியைப் பேசிக்கொண்டே தன் தட்டுக்கு இழுத்துக்கொள்கிறவனும் விவோதான்.

அதே சொல்லைச் சிவப்போடு சேர்த்தால் செக்கச்செவேல். சுண்ணாம்போடு சேர்த்தால், தண்ணீர் ஊற்றாத, கை வைத்தால் பொசுக்குகிற சுண்ணாம்பு. சதையோடு சேர்த்தால் தோலுரிந்த பச்சைப் புண். டி.வி.யில் போட்டால் நேரலை. எங்கெல்லாம் சூடு இன்னும் அடங்கவில்லையோ அங்கெல்லாம் அந்த ஒரு சொல்லைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். பதினாலு வருஷமாக இந்த மொழியில் சோறு தின்கிறேன், அன்றைக்குத்தான் அதை நிமிர்ந்து பார்த்தேன்.

மருஷா எழுதியதில் இருப்பது "ஏரா". ஸேரின் இறந்தகாலம். (இறந்தகாலம்! இந்த இலக்கணச் சொல்லை வைத்தவர் நன்றாக இருக்கட்டும்.) ஆக அந்த வரிக்குப் பொருள்: "ரொம்ப சூட்டிகையான பையன்." பழகிய காலத்தை நினைத்து, "அப்படி இருந்தான்" என்று எழுதியிருக்கிறார். அவன் பிழைத்தானா இல்லையா என்பதைப் பற்றி அந்த வரியில் ஒரு துளியும் இல்லை. அவருக்கே தெரியாது. போன் பாவம், விவோ என்றதும் உயிரைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

இதை இந்த இரண்டு பேரிடம் எப்படிச் சொல்வது? சூட்டிகை என்றால் விவோவின் ஒரு கால் மட்டும்தான் வரும். உயிர் வெளியே நின்றுவிடும்.

"என்னடி முழிக்கிற?" என்றார் தர்மாக்கா.

அப்போது என் வாயில் தானாக வந்தது. யோசித்து வந்ததில்லை, சத்தியமாக. "அக்கா, அவங்க அரவிந்தன பொழைக்கத் தெரிஞ்சவன்னு எழுதிருக்காங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. பிழைக்கத் தெரிந்தவன். விவரமானவன், எங்கே போனாலும் வயிற்றைக் கழுவிக்கொள்ளத் தெரிந்தவன், கொஞ்சம் காரியக்காரன். அதே பிழைதான், ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "பொழைச்சுக்குவானா?" என்று கேட்கிறபோது உயிராகிறது. உள்ளே உயிர், வெளியே சாமர்த்தியம். கடல் தாண்டி, யாரும் யாரையும் கேட்காமல், இரண்டு மொழிகள் ஒரே முடிச்சைப் போட்டு வைத்திருக்கின்றன.

அதோடு விட்டதா? பிழை என்றால் தப்பு. பிழைத்தான் என்றால் தப்பித்தான். தப்பு என்றாலும் பிழை. தப்பினான் என்றாலும் பிழைத்தான். நாம் இரண்டு தடவை இதைச் செய்திருக்கிறோம்! தவறுவதற்கும் சாவிலிருந்து நழுவி வெளியே வருவதற்கும் ஒரே சொல்லை வைத்தவள் எவளோ, அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இதை ஆராய்ச்சி என்று நினைக்காதீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு தாய் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

தர்மாக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"பொழைக்கத் தெரிஞ்சவன்னா எழுதிருக்கா?"

"ஆமாக்கா. ஆனா உசிரோட இருக்கான்னு எழுதல. அது அவங்களுக்கே தெரியாது. நான் பொய் சொல்லமாட்டேன்."

"நீ பொய் சொல்லாத. செத்துட்டான்னு எழுதிருக்காளா?"

"இல்லக்கா."

ரெத்தினம் துண்டால் முகத்தைத் துடைத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "தம்பி, அந்த பிளக்ஸ நிறுத்து. இல்ல, தேதி கெடைக்கலன்னு இல்ல. நிறுத்துப்பா, போதும்" என்றார்.

5

அதற்குப் பிறகு தர்மாக்கா நடவுக்கு ஆள் பிரிக்கிற மாதிரி வேலையைப் பிரித்தார். அந்த ஊரில் அரவிந்தன் முகம் தெரிந்த ஒரே ஆள் மருஷா. அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒன்பதாவது ஆளைப் பார்க்க வேண்டும்.

"மூஞ்சி வீங்கிக் கெடக்குதாமே, கையப் பாக்கச் சொல்லு. எடது பொறங்கையில தழும்பு இருக்கு. பம்புசெட்டு பெல்ட்டு கிழிச்சது. எட்டுத் தையல்."

"ஏஜெண்டுக்குச் சொன்னீங்களா?"

"அவன் மெயில் போட்டுருக்கானாம். மெயிலு போயி கையப் புடிச்சுப் பாக்குமா?"

எழுதினேன். மருஷா அரை மணியில் பதில் போட்டார். சொந்தக்காரர் இல்லையென்று உள்ளே விடமாட்டார்கள், ஆனால் அங்கே ஒரு நர்ஸைத் தெரியும், செவ்வாய்க்கிழமை காலை அவள் டியூட்டியில் இருக்கும்போது போகிறேன் என்றார். கடைசியில், "அவன் என்னை அம்மா என்று கூப்பிடுவான். அது என் பெயர் என்று நினைக்கிறானோ என்று முதலில் நினைத்தேன்" என்று எழுதியிருந்தார். தர்மாக்காவுக்கு இதைப் படித்துச் சொன்னபோதுதான் அவர் அழுதார். பெருங்குரலெடுத்து, தெருவே வந்து எட்டிப்பார்க்கும்படி அழுதார்.

வெள்ளியிலிருந்து செவ்வாய் வரை நாலு நாள். இந்த நாலு நாளில்தான், வெட்கமில்லாமல், இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன். சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

6

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

முதல் முடிவு: மருஷாவிடமிருந்து "எஸ்தா விவோ" என்று பதில் வருகிறது. தர்மாம்பாள் போனை மார்போடு அணைத்துக்கொள்கிறார். வாசலில்

இரண்டாம் முடிவு: பிளக்ஸ் கடைக்காரர்

மூன்றாவது: பதில் வருவதற்கு முன்பே கதையை நிறுத்திவிடுவது. எது நடந்தது என்று சொல்லாமல் விட்டுவிட்டால் கனமாக இருக்கும் என்று ஒரு நப்பாசை.

இன்று செவ்வாய்க்கிழமை. பதினொன்றரை மணிக்கு தர்மாக்கா வந்தார். அங்கே இப்போதுதான் விடிந்திருக்கும். மேசையில் இருந்த தாள்களை எடுத்தார். பிடுங்கப் பார்த்தேன், விடவில்லை. நின்றபடியே முழுக்கப் படித்தார்.

"எம் பையன வச்சுக் கதையா?"

"மன்னிச்சுருங்கக்கா. கிழிச்சுர்றேன்."

"கிழிக்காத. பேனாவக் குடு."

முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். அரவிந்தன் கெட்டிக்காரனாக இருந்தான். அடித்தார். ஆயிலராக வேலை பார்த்தான். அடித்தார். அம்மாவுக்கு அடிக்கடி போன் செய்துகொண்டிருந்தான், சிரித்துச் சிரித்துப் பேசினான். அடித்தார். மொத்தம் பதினோரு இடம்.

"அந்த போன் இருந்தாருன்னு சொன்னதுக்கு அவ்வளவு பேசுனியே, நீ என்ன எழுதிருக்க?"

கதை என்றால் இறந்தகாலத்தில்தான் எழுதுவோம் அக்கா, அதுதான் வழக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். எழுதுகிறவர்கள் எல்லாரும் யாரையாவது கொன்றபடியேதான் எழுதுகிறோம் என்பது உறைத்தது. இருக்கிறவனை இருந்தவனாக்க ஒரு "ந்த்" போதும். அந்த நாலு நாளும் அந்த அம்மாள் தன் பிள்ளையை ஒரு வினைமுற்றால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார், நான் கீழே உட்கார்ந்து பதினோரு தடவை தட்டிவிட்டிருக்கிறேன்.

முடிவுகளுக்கு வந்தார். இரண்டாவதைப் படிக்கவில்லை. மூன்றாவதைப் படித்துவிட்டு, "இதென்ன, சினிமா பாக்கிறப்ப கரண்டு போன மாதிரி" என்றார். முதலாவதை இரண்டு தடவை படித்தார். பிறகு அதையும் அடித்தார்.

"அக்கா, அது நல்ல முடிவுதானே?"

"அத நீ யாரு சொல்றதுக்கு? அவன் இருக்கான்னு நீ எழுதி நான் சந்தோசப்படணுமா? அந்தம்மா போயிப் பாத்துச் சொல்லட்டும். அது வரைக்கும் முடிக்காத. அவனப் பத்திச் சொல்லிக்கிட்டே இரு, நிறுத்தாத."

7

பன்னிரண்டு நாற்பது. சற்றுமுன் மருஷா ஒரு வரி அனுப்பினார்: வார்டுக்குள் போகிறேன்.

பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. போனின் மேலே, அவர் பெயருக்குக் கீழே, டைப் செய்கிறார் என்று காட்டுகிறது. நின்றது. மறுபடியும் காட்டுகிறது.

ஸ்பானிஷில் வினைச்சொல் முன்னாலேயே வந்துவிடும். முதல் சொல்லைப் பார்த்தாலே முடிந்துபோகும். தமிழ் அப்படி இல்லை. நம் வினைச்சொல் கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் பெயரெச்சங்களை எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம், யாரும் கேட்கமுடியாது. வினை வருகிறவரைக்கும் எந்த ஆளுக்கும் எதுவும் ஆகவில்லை. இவ்வளவு நாள் எழுதியும் இப்படிப்பட்ட மொழியில் நான் குடியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே!

தர்மாக்கா எனக்கு எதிரில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ரெத்தினம் மாமா வயலிலிருந்து சேறு காயாத காலோடு வந்து கதவோரம் நிற்கிறார், அவரும் நடுநடுவே எடுத்துக்கொடுக்கிறார். இதைப் படிக்கிற நீங்கள் ஒரு வினைச்சொல்லைக் கையில் வைத்திருப்பீர்கள். எது என்று எனக்குத் தெரியாது. தயவுசெய்து அவசரப்பட்டு வைத்துவிடாதீர்கள். உங்களுக்கும் அவனைப் பற்றி ஏதாவது சொல்லத் தோன்றினால், நடுவில் எங்கே வேண்டுமானாலும் சேருங்கள்.

தர்மாம்பாளுக்கும் ரெத்தினத்துக்கும் ஒரே பிள்ளையான, ஆடிப்பெருக்கன்று பிறந்த, மாத்திரை என்றால் ஓடி ஒளிகிற, ("விக்ஸ் மட்டும் தடவிக்குவான், அதையும் போடு") விக்ஸ் மட்டும் தடவிக்கொள்கிற, வெந்தயக் குழம்புக்கு உயிரை விடுகிற, (வேண்டாம், அடித்துவிடுகிறேன்) வெந்தயக் குழம்பு என்றால் மூன்று தட்டு சாப்பிடுகிற, யார் வீட்டு மோட்டார் நின்றாலும் கூப்பிடாமலே போய் நிற்கிற, ("எங்கிட்ட மட்டும் பேசமாட்டான், வெக்கம்") அப்பாவிடம் பேச வெட்கப்படுகிற, ஆனால் ஒவ்வொரு போனிலும் தண்ணீர் வந்ததா என்று அப்பாவைக் கேட்கச் சொல்கிற, முன்பின் தெரியாத ஊரில் ஒரு பெண்ணை அம்மா என்று கூப்பிடுகிற, குளிர் பிடிக்காத, நீச்சல் தெரிந்த, நன்றாக நீச்சல் தெரிந்த அரவிந்தன், இன்று, செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ஒரு மணிக்கு,